கிரைண்டரில் அரைத்த ஆறு உலோகங்கள்!

ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாளைத் தரிசிக்கப் போகிறவர்களுக்கு ஐம்பொன் என்ற சொல் புதிதல்ல. ஆனால், ஐம்பொன் சிலையில் பெரும்பங்கு செம்புதான். தங்கமும் வெள்ளியும் பேருக்கு! எவர்சில்வரிலும் இதே கதைதான். இரும்பு முதலாளி, குரோமியமும் நிக்கலும் கூட வேலை பார்ப்பவை.

எல்லா உலோகங்களுக்கும் ஏறக்குறைய சம பங்கு கொடுத்தால்? அதுதான் ‘ஹை என்ட்ரோபி அலாய்’. ஐந்தோ அதற்கு மேலோ உலோகங்கள் சேர்ந்தால், ஆளுக்கொரு மூலையாகப் பிரிந்து நொறுங்கும் பொருளாகிவிடும் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 2004-ல் தைவானின் யே, இங்கிலாந்தின் பிரையன் கேன்டர் ஆகியோரின் ஆய்வுகள் அதை மாற்றின. அதற்கு முந்தைய ஆண்டே பெங்களூரு பேராசிரியர் எஸ்.ரங்கநாதன், ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் இந்த உலோக காக்டெயில் பற்றி எழுதிவிட்டார்!

சென்னை ஐ.ஐ.டி-யில் பி.எஸ்.மூர்த்தியின் குழு எடுத்துக்கொண்டது அலுமினியம், இரும்பு, டைட்டானியம், குரோமியம், துத்தநாகம், செம்பு என ஆறு உலோகங்களை. உருக்கிக் கலக்கலாம் என்றால், துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும். குரோமியம் உருகவோ 1,900 டிகிரிக்கு மேல் வேண்டும். ஒரே பாத்திரத்தில் இரண்டையும் எப்படி உருக்குவது?

அதனால் அடுப்பை விட்டுவிட்டு, அரைக்கத் தொடங்கினார்கள். உலோகப் பொடிகளைக் கனமான குண்டுகளோடு மூடிய டப்பாவில் போட்டு மணிக்கணக்கில் சுழற்றுவார்கள். குண்டுகள் மோத மோதப் பொடி நசுங்கும், ஒட்டும், உடையும், மறுபடி ஒட்டும். உருகாமலேயே ஆறும் ஒன்றாகிவிட்டன. 2008-ல் வெளியான ஆய்வின்படி, அந்தப் படிகங்களின் அளவு 10 நானோமீட்டருக்கும் குறைவு. தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு!

நிஜமாகவே கலந்துவிட்டதா என்பதை எக்ஸ்ரே சொல்லும். ஒவ்வொரு உலோகத்துக்கும் வரைபடத்தில் தனித்தனி முகடுகள் உண்டு. அவை மறைந்து, ஒரே படிக அமைப்புக்கான சில முகடுகள் மட்டும் மிஞ்சினால் கலவை தயார். பிறகு பொடியை அழுத்திச் சூடாக்கி வில்லையாக்குவார்கள். வைர முனையால் குத்தி, பள்ளத்தின் அளவை வைத்துக் கடினத்தன்மையைக் கணக்கிடுவார்கள். தண்ணீரில் எடை போட்டு அடர்த்தி பார்ப்பது ஆர்க்கிமிடீஸ் காலத்து வித்தை. அதுதான் உள்ளே துளை இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். துளை இருந்தால், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

அரைப்பதிலும் ஒரு தொல்லை உண்டு. குண்டும் டப்பாவும் தேய்ந்து, கணக்கில் இல்லாத உலோகம் பொடியில் சேர்ந்துவிடும். ஆட்டுக்கல் தேய்ந்து மாவில் கல் விழுகிற மாதிரி! ஆய்வகத்தில் பெரும்பாலும் கிடைப்பது நாணய அளவு வில்லைதான். இன்ஜின் பாகம் அளவுக்குத் துளையில்லாமல் அதைச் செய்வது இன்னும் பெரிய வேலை.