கார் இன்ஷூரன்ஸ் கிளைமை வாபஸ் வாங்கலாமா? கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்கு

சனிக்கிழமை இரவு. அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது காரைத் தூணில் இடித்துவிட்டீர்கள். பின்பக்க பம்பர் பிளந்துவிட்டது. அங்கேயே நின்று நாலு போட்டோ எடுத்து, ஆப்பில் ஏற்றி, லிஃப்ட் வருவதற்குள் கிளைம் பதிவு செய்தாகிவிட்டது. திங்கட்கிழமை ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் அட்வைசர் எஸ்டிமேட்டைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "சார், இதுக்குப் போய் கிளைம் போட்டீங்களா? என்சிபி போயிடுமே!"

குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. போட்ட கிளைமைத் திரும்பப் பெற முடியுமா? பெற்றால் போட்டதே இல்லை என்று ஆகிவிடுமா?

முதல் கேள்விக்குப் பதில் எளிது. உங்கள் காருக்கு ஏற்பட்ட சேதத்துக்கான கிளைமை, அதாவது ஓன் டேமேஜ் கிளைமை, நிறுவனம் பணம் கொடுக்கும் முன் திரும்பப் பெறலாம். கிளைம் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு மெயில் போதும். கேஷ்லெஸ் முறையில் ஒர்க்‌ஷாப் ஏற்கெனவே வேலையை ஆரம்பித்திருந்தால் மட்டும் கவனம்: அதுவரை ஆன செலவு, வரவழைத்த உதிரிபாகங்கள் எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமான பதில்.

எவ்வளவு இழக்கிறீர்கள்?

நோ கிளைம் போனஸ் என்பது ஓன் டேமேஜ் பிரீமியத்தில் மட்டும் கிடைக்கும் தள்ளுபடி. கிளைம் இல்லாத முதல் ஆண்டுக்குப் பிறகு 20%, அடுத்து 25%, 35%, 45%, ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு 50%. அதற்கு மேல் ஏறாது. ஒரே ஒரு கிளைம், தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும், இதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடும். தேர்ட் பார்ட்டி பிரீமியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதை அரசு நிர்ணயிக்கிறது (2022 ஜூனில் அமலான கட்டணப்படி 1000 முதல் 1500 சிசி வரையிலான காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய்).

இப்போது கணக்குக்கு வருவோம். உங்கள் பாலிசியில் 45% போனஸ் இருக்கிறது, தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியம் 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளைம் இல்லையென்றால் அடுத்த ஐந்து ஆண்டும் 50% தள்ளுபடி. கிளைம் வாங்கினால் முதலில் பூஜ்யம், பிறகு 20, 25, 35, 45 என்று மறுபடி ஏற வேண்டும். வித்தியாசத்தைக் கூட்டினால் 7,000 + 4,200 + 3,500 + 2,100 + 700. மொத்தம் 17,500 ரூபாய். 18% ஜிஎஸ்டியையும் சேர்த்தால் 20,650. கார் பழசாக ஆக அதன் மதிப்பும், கூடவே பிரீமியமும் குறையும் என்பதால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

கிளைமில் கையில் வருவது எவ்வளவு? பில் 18,000 ரூபாய் என்போம்: பம்பர் 12,000, பெயின்ட் 4,000, லேபர் 2,000. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50% தேய்மானம் கழிப்பார்கள். ஆக பம்பருக்கு 6,000தான். பெயின்ட் வேலையில் கால் பங்கைப் பொருள் செலவாகக் கணக்கிட்டு, அதில் பாதியைக் கழிப்பார்கள். அப்படி 500 போனால் 3,500. லேபர் முழுதாக வரும். இதிலிருந்து கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் (1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு 2,000). மிஞ்சுவது 10,500. அதாவது 10,500 ரூபாயை வாங்கிக்கொண்டு, ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கைத் திருப்பிக் கட்டுகிறீர்கள். இங்கே வாபஸ் வாங்குவது புத்திசாலித்தனம்.

ஆனால் இதே கணக்கு வேறு இடத்தில் தலைகீழாகும். ஜீரோ டெப் எடுத்திருந்தால் அதே பில்லுக்கு 17,000 கிடைக்கும். நஷ்டமும் லாபமும் கிட்டத்தட்ட சமம். கார் வாங்கி முதல் வருடம்தான் என்றால், இழக்கப்போவது 20% படியிலிருந்து தொடங்கும் ஏணி. அதே பிரீமியத்துக்கு மொத்த இழப்பு சுமார் 7,000 ரூபாய்தான். அங்கே கிளைமைக் கைவிடுவது வீண். இன்னொன்று, இந்த ஐந்தாண்டுக் கணக்கே அடுத்த ஐந்து வருடமும் நீங்கள் எங்கேயும் இடிக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் போட்டது. பெங்களூரு அவுட்டர் ரிங் ரோட்டில் தினமும் ஓட்டுகிறவர்கள் அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். என்சிபி புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் பாலிசியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் இவ்வளவு யோசிக்கவே வேண்டியிருக்காது.

வாபஸ் என்றால் அழிந்துவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. உங்கள் பாலிசி ஷெட்யூலை எடுத்துப் பாருங்கள். முந்தைய ஆண்டில் கிளைம் எதுவும் 'செய்யப்படவோ நிலுவையில் இருக்கவோ' கூடாது, அப்போதுதான் போனஸ் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். பணம் 'கொடுக்கப்பட்டதா' என்று அந்த வரி கேட்கவில்லை. நடைமுறையில் பணம் எதுவும் கொடுக்காமல் மூடப்பட்ட கிளைமுக்காகப் பெரும்பாலும் போனஸில் கை வைப்பதில்லை. ஆனால் அது உங்கள் ஃபைல் எப்படி மூடப்பட்டது என்பதைப் பொறுத்தது. மெயில் அனுப்பினீர்கள், அவர்கள் ஃபைலை மூடவில்லை, ரினியூவல் தேதி வந்துவிட்டது என்றால் சிஸ்டத்தில் அது நிலுவையில் உள்ள கிளைம்தான்.

எனவே வாபஸ் மெயிலில் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: கிளைம் மூடப்பட்டது, கொடுத்த தொகை பூஜ்யம், போனஸ் பாதிக்கப்படவில்லை. கால் சென்டரில் "ஆயிடுச்சு சார்" என்று சொன்னதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

இந்தக் கடிதம் எதற்கு? ரினியூவலின்போது, குறிப்பாக வேறு நிறுவனத்துக்கு மாறும்போது, 'சென்ற ஆண்டு கிளைம் செய்தீர்களா?' என்று ஒரு கேள்வி வரும். பிரீமியம் குறைகிறதே என்று யோசிக்காமல் 'இல்லை' என்று தட்டிவிடுகிறோம். அது வெறும் பட்டன் இல்லை, உறுதிமொழி. போனஸ் பற்றிய உறுதிமொழி தவறு என்று தெரிந்தால் ஓன் டேமேஜ் பிரிவின் பலன்கள் முழுவதும் பறிபோகலாம் என்பது இந்திய மோட்டார் இன்ஷூரன்ஸில் பல காலமாக உள்ள நிபந்தனை. ஒரு நிறுவனத்தின் கிளைம் விவரம் இன்னொரு நிறுவனத்துக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். பாலிசி, கிளைம் தரவுகளைத் திரட்டுவதற்கென்றே இன்ஷூரன்ஸ் இன்ஃபர்மேஷன் பீரோ என்ற அமைப்பு ஹைதராபாத்தில் இயங்குகிறது. 2,000 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், அடுத்த வருடம் 3 லட்சம் ரூபாய் கிளைம் நிராகரிக்கப்பட்டால் யாரிடமும் முறையிட வாய் வராது.

வாபஸ் வாங்கிவிட்டு ரிப்பேரையும் தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விபத்துக்குப் பிறகு சரிசெய்யாமல் ஓட்டி, அதனால் சேதம் பெரிதானால் அது உங்கள் பொறுப்பு என்று பாலிசி நிபந்தனையிலேயே இருக்கிறது. அடுத்த கிளைமில் சர்வேயர் பழைய அடியைத் தனியாகக் குறித்துக் கழிப்பார். அவரிடம்தான் உங்கள் பழைய போட்டோக்கள் இருக்கின்றனவே!

"ஒரு லெட்டர் மட்டும் கொடுத்துடுங்க சார்"

இதுவரை சொன்னது நீங்களாக எடுக்கும் முடிவைப் பற்றி. வாபஸ் கடிதத்தை அவர்களே கேட்டால்? சேதத்துக்கும் நீங்கள் சொன்ன காரணத்துக்கும் பொருந்தவில்லை, லைசென்ஸில் சிக்கல் என்று ஏதோ ஒன்றைக் காட்டி, "ரிஜெக்ட் ஆனா ரெக்கார்டுல நிக்கும், நீங்களே வாபஸ் வாங்கிட்டா என்சிபியாவது மிஞ்சும்" என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். நிறுவனம் கிளைமை நிராகரித்தால், காரணத்தைப் பாலிசி நிபந்தனையோடு எழுத்தில் தர வேண்டும். அந்தக் காகிதம்தான் உங்கள் மேல்முறையீட்டுக்கு நுழைவுச் சீட்டு. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. 'என் சொந்த விருப்பத்தின்பேரில் வாபஸ் பெறுகிறேன்' என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு எந்த நிராகரிப்பை எதிர்த்து வாதாடுவீர்கள்? ஆவணம் குறைகிறது என்பதற்காக மட்டும் கிளைமை நிராகரிக்கக் கூடாது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ 2024 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கையே சொல்கிறது. ஆகவே 15,000 ரூபாய் விஷயம் என்றால் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். இன்ஜினே போன லட்ச ரூபாய் விஷயம் என்றால், "ரிஜெக்ட் பண்றதா இருந்தா ரைட்டிங்ல கொடுங்க" என்று மட்டும் சொல்லுங்கள்.

இடிபட்டது தூண் இல்லை, ஒரு ஆள் என்றால்?

அப்போது மேலே போட்ட கணக்கு எதுவும் பொருந்தாது. உங்கள் காருக்கான கிளைமை மட்டும்தான் நீங்கள் வாபஸ் வாங்க முடியும். காயப்பட்டவரின் இழப்பீட்டு உரிமை அவருடையது. அவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஸ்பாட்டிலேயே 5,000 ரூபாயைக் கையில் கொடுத்து 'செட்டில்' செய்து, இன்ஷூரன்ஸுக்குச் சொல்லாமல் விட்டுவிடுவதுதான் இங்கே ஆபத்து. விபத்து பற்றி இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவின்படி ஓட்டுநரின் கடமை. அவர்களின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் தவறை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்பது பாலிசி நிபந்தனை.

பம்பருக்காகப் பணம் வேண்டாம் என்று முடிவெடுத்தாலும், தகவல் சொல்வதை விட்டுவிடாதீர்கள். தேதி, இடம், ஓட்டியவர் யார், காயம் யாருக்கு என்பதை எழுதி, 'என் காரின் சேதத்துக்குக் கிளைம் கோரவில்லை; இது விபத்து குறித்த தகவல் மட்டுமே' என்று மெயில் அனுப்பி வையுங்கள். மாதங்கள் கழித்துத் தீர்ப்பாய நோட்டீஸ் வீட்டுக்கு வந்தால், அன்றைக்கே அதை ஸ்கேன் செய்து அதே மெயிலுக்குப் பதிலாக நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள்.