பல் விழுந்த பரிகாசம்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் நையாண்டிக் கேலிச்சித்திரத் தொடர்களுக்கு வயதாகிவிட்டது, அவற்றின் நகைச்சுவை புளித்துவிட்டது என்று பலரும் சொல்லக் கேட்கின்றோம். இக்கூற்றில் பாதி உண்மை. ஆனால் சொல்லப்படும் காரணம் தவறு. நையாண்டியைக் கொல்வது முதுமை அல்ல; சௌகரியம் என்பதே எனது துணிபு.

பத்திரிகை ஆசிரியபீடத்தில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், ஒரு கேலிச்சித்திரத்தை மதிப்பிட எனக்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. மறுநாட் காலை அதைக் கண்டு யாருக்குக் கோபம் வந்தது? எவருக்கும் வரவில்லையெனில் அது பக்கத்தை நிரப்பிய அலங்காரம் மட்டுமே. அதே அளவுகோலை இத்தொடர்களுக்கும் வைத்துப் பார்ப்போம்.

மட் குரோனிங் உருவாக்கிய ‘த சிம்ப்சன்ஸ்’ 1989 டிசெம்பரில் பொக்ஸ் அலைவரிசையில் தனித் தொடராக ஆரம்பமானது. அணுமின் நிலையத்தின் பாதுகாப்புப் பரிசோதகராக ஒரு சோம்பேறித் தந்தை, அடங்காத மகன், ஊரையே விலைபேசும் முதலாளி. இனிப்பான குடும்பக் கதைகளுக்குப் பழகியிருந்த தேசத்துக்கு இது அதிர்ச்சி. 1992 இல் அன்றைய ஜனாதிபதி மூத்த ஜோர்ஜ் புஷ், அமெரிக்கக் குடும்பங்கள் சிம்ப்சன்களைப் போலன்றி, ‘த வோல்ற்றன்ஸ்’ என்ற பழைய தொடரின் குடும்பத்தைப் போல இருக்கவேண்டும் என்றார். வோல்ற்றன்ஸ் 1930களின் பெருமந்தக் காலத்துக் கதை. சில நாட்களுக்குள் சிம்ப்சன்ஸ் பதிலடி கொடுத்தது: தாமும் வோல்ற்றன்களைப் போன்றவர்கள்தாம், பொருளாதார மந்தம் ஒழியவேண்டுமெனத் தாமும் பிரார்த்திப்பதாகச் சொன்னான் சிறுவன் பார்ட். ஒரு ஜனாதிபதியைச் சீண்டவும், அவர் சீறியபோது திருப்பி அடிக்கவும் அன்று அதற்குப் பற்கள் இருந்தன.

இன்று? 750 அத்தியாயங்களுக்கு மேல் கடந்தும் பார்ட்டுக்குப் பத்து வயதுதான். ஒருவர் உழைப்பில் வீடும் இரு கார்களும் வைத்திருக்கும் ஹோமரின் வாழ்வு 1989 இல் சாதாரணமானவனின் வாழ்வாகத் தெரிந்தது. இன்றைய இளந்தலைமுறைக்கு அது கனவு. அவனைச் சுற்றியிருந்த சமூகம் மாறிவிட்டது, தொடரோ அசையவில்லை. 

தெற்காசியக் கடைக்காரர் அப்புவின் விடயம் இதைவிட மோசமானது. வெள்ளையின நடிகரொருவர் அந்த உச்சரிப்பைப் பேசி வந்தார். அது தம் சமூகத்துக்கு எத்தகைய இழிவைத் தந்தது என்பதை ஹரி கொண்டபோலு 2017 இல் ஆவணப்படமாக்கினார். மறு ஆண்டு தொடர் அளித்த பதில் ஏறக்குறைய ஒரு தோள்குலுக்கல்தான். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் கடை நடத்தும் எம்மவரின் பிள்ளைகளுக்கு இந்தக் கேலியின் வலியை விளக்க வேண்டியதில்லை. அதிகாரத்தைக் கேள்வி கேட்டவர்கள், தம்மை நோக்கிக் கேள்வி வந்தபோது நாற்காலியில் சாய்ந்துகொண்டார்கள். அந்த நடிகர் 2020 இல் தாமாகவே அக்குரலைக் கைவிட்டார்.

2005 இல் இதே தொடர், தியனன்மென் சதுக்கத்தில் 1989 இல் எதுவுமே நடக்கவில்லை என்று அறிவிக்கும் பலகையொன்றைக் காட்டிச் சீன அரசின் மறதியைக் குத்தியது. 2019 இல் தொடர் டிஸ்னியின் உடைமையானது. 2021 இல் டிஸ்னியின் இணையவழிச் சேவை ஹொங்கொங்கில் தொடங்கியபோது அந்த அத்தியாயத்தை அங்கே காணவில்லை. மறதியைக் கேலி செய்த அத்தியாயமே மறக்கடிக்கப்பட்டது. டிஸ்னியைச் சிம்ப்சன்ஸ் கிண்டல் செய்வதில்லை என்று சொல்லமாட்டேன். முதலாளியும் சேர்ந்து சிரிக்கத்தக்க கிண்டல் அது.

வயதுதான் குற்றவாளி என்போர் 1997 இல் தொடங்கிய ‘சவுத் பார்க்’ தொடரைப் பார்க்கட்டும். 2019 ஒக்டோபரில் சீனத் தணிக்கைக்குப் பணியும் அமெரிக்க நிறுவனங்களை அது சாடியது. சீன இணையத்திலிருந்து தொடரே துடைக்கப்பட்டது. ட்ரே பார்க்கரும் மட் ஸ்ரோனும் வெளியிட்ட ‘மன்னிப்பு’ இன்னொரு நையாண்டி! 2025 ஜூலையில், ஜனாதிபதி ட்ரம்ப் தொடுத்த வழக்கை முடிக்க அவர்களுடைய தாய் நிறுவனமான பரமவுண்ட் 16 மில்லியன் டொலர் கொடுக்க இணங்கியது. அதே மாதம் ஒளிபரப்பான அத்தியாயம் ட்ரம்பையும் பரமவுண்டையும் சேர்த்தே உரித்தது. பல ஆண்டுகளாகவே மதிப்பிழந்துவிட்ட தொடர் என்று வெள்ளை மாளிகை அறிக்கை விட்டது. மதிப்பில்லாத ஒன்றுக்கு வெள்ளை மாளிகை ஏன் அறிக்கை விடவேண்டும்?

சவுத் பார்க் குற்றமற்றதன்று. 2006 இல் அல் கோரின் காலநிலை எச்சரிக்கையை இல்லாத பூதமொன்றின் கதையாக்கி அது எள்ளி நகையாடியது. எல்லோரையும் ஒரே தராசில் வைத்துச் சிரிப்பது நடுநிலை அன்று. சிந்திக்கச் சோம்பலுறும் மனத்தின் சாமர்த்தியம். ஆனால் 2018 இல் அந்தப் பூதத்தை மெய்யென்றே நடமாடவிட்டு, தம் பிழையைத் தாமே பரிகசித்தார்கள். தன்னையும் குத்திக்கொள்ளத் தெரிந்த நையாண்டிக்கு நரை விழுவதில்லை.

சுமார் 1.5 பில்லியன் டொலர் ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருப்பவர்களுக்குத் துணிச்சல் எளிதுதானே எனலாம். எளிதாயின், அதே செல்வம் படைத்த மற்றவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை? பணம் சிலருக்குக் கேடயமாகின்றது, பெரும்பாலோருக்கு வாய்ப்பூட்டாகின்றது.

ஆகவே, அடுத்த முறை ஓர் அத்தியாயத்தைப் பார்த்துச் சிரித்து முடிந்ததும், யாருக்கு இது சுட்டது என்று கேட்டுப் பாருங்கள். எவருக்கும் சுடவில்லையெனில், அதற்குச் சம்பளம் கொடுப்பவர் யாரென்று பாருங்கள்.