‘மாப்பிள்ளைக்கு என்ன வேலை?’



மக்காவில் பிறந்த குறைஷிக் குழந்தைகளை ஊருக்கு வெளியே, பாலைவெளியில் வாழும் கோத்திரத்தாரிடம் சில ஆண்டுகள் வளரவிடுவது அக்கால வழக்கம். வெளிக்காற்றில் உடல் உரம் பெறும், கலப்பில்லாத அரபு மொழி நாவில் படியும் என்பது அதன் நோக்கம். பனூ ஸஅத் கோத்திரத்துப் பெண்கள் இதற்காகவே மக்காவுக்கு வந்து குழந்தைகளைப் பெற்றுச் செல்வார்கள். நபி (ஸல்) அவர்களைத் தந்தையில்லாக் குழந்தை என்று பலரும் தயங்கி விட்டுச் சென்றதையும், ஹலீமா (ரலி) அவர்கள் எடுத்துச் சென்றதையும் சீரா வகுப்பில் நம் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் என்ன? தந்தை இல்லாத வீட்டிலிருந்து கூலியாக என்ன கிடைத்துவிடப் போகிறது என்ற எண்ணம்தான். ஆக, நகரத்துப் பிள்ளையை வெளியில் கொண்டுபோய் வளர்ப்பது அன்று ஒரு வேலை. அதற்கு ஊதியம் இருந்தது. அந்த ஊதியத்தை எதிர்பார்த்ததற்காக எவரும் அப்பெண்களை இழிவாகப் பேசவில்லை.

ஆண்டுக்கணக்கில் இப்பாடத்தை நாம் நடத்திவருகிறோம். கூலியைப் பற்றிய இந்தப் பக்கத்தை நாம் கண்டுகொண்டதில்லை. நம் மதரஸாவில் ஓதிய ஒரு மாணவரால்தான் அது நம் கண்ணில் பட்டது.

அவர் திருச்சியில் விலங்கியல் படித்தவர். ஜனவரி முதல் ஏப்ரல் முற்பகுதி வரை சென்னையில் பள்ளி மாணவர்களைக் கடற்கரைக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் அழைத்துச் சென்று கற்பிக்கிறார். நவம்பரிலும் டிசம்பரிலும் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்கு வரும் திருச்சி மாணவர்களுக்கு வழிகாட்டுகிறார். மற்ற மாதங்களில் லப்பைக்குடிக்காட்டில் அத்தாவின் கடையில் அமர்கிறார். பருவத்துக்குப் பருவம் ஒப்பந்தம், நாள் கணக்கில் சம்பளம். வளைகுடாவில் ஒருவரேனும் இல்லாத வீடு நம் தெருக்களில் குறைவு. அப்படிப்பட்ட ஊரில், ‘மாப்பிள்ளைக்கு என்ன வேலை?’ என்று பெண் வீட்டார் கேட்டால் இதை எப்படிச் சொல்வது? இரண்டு சம்பந்தங்கள் அந்தக் கேள்வியோடு நின்றுபோயின.

அவருடைய அத்தா ஒரு நாள் அஸருக்குப் பிறகு நம்மிடம் வந்தார். “அஜரத், நீங்கள் சொன்னால் கேட்பான். துபாயில் ஒரு விசா ஏற்பாடாகியிருக்கிறது. குருவி காட்டிக்கொண்டு திரிவது ஒரு பிழைப்பா என்று நீங்களே கேளுங்கள்” என்றார். நாமும் மகனை அழைத்துக் கேட்டோம். ஏறக்குறைய அதே சொற்களில் கேட்டோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் மறுத்துப் பேசவில்லை. “இந்தக் கோடை வகுப்பில் மூன்று நாள் பிள்ளைகளை என்னிடம் விடுங்கள். பிறகு நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன்” என்றார்.

நம் கோடைகால தீனிய்யாத் வகுப்பைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் சென்னை, திருச்சி, பெங்களூரிலிருந்து பேரப்பிள்ளைகள் ஊருக்கு வருவார்கள். வளைகுடாவில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு விடுமுறை ஜூலை, ஆகஸ்டில்தான். வளைகுடாவிலிருந்து முன்கூட்டியே வந்துவிடுவோரும் உண்டு. சூராக்கள், துஆக்கள், தொழுகை முறை என்று வகுப்பு காலையில் முடிந்துவிடும். பிறகு அப்பிள்ளைகள் செய்வதெல்லாம் கைப்பேசி பார்ப்பதுதான். வெள்ளாறு நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது, அக்கரையில் திட்டக்குடி. அந்த ஆற்றில் கால் வைக்காமலேயே விடுமுறையை முடித்துக்கொண்டு திரும்பும் பிள்ளைகள் பலர்.

முதல் பாடத்தை அவர் ஆற்றில் தொடங்கவில்லை. மதரஸா முற்றத்தில், ஏப்ரல் 20ஐ ஒட்டிய ஒரு நாளில் தொடங்கினார். மூன்றடிக் கம்பு ஒன்றை நட்டு, காலை பத்து மணி முதல் அரை மணிக்கு ஒரு முறை நிழலின் நுனியில் கூழாங்கல் வைக்கச் சொன்னார். இடையிடையே வேப்பமரத்தடியில் ஓய்வு. நிழல் குறுகிக்கொண்டே வந்து 12.10 மணியளவில் கம்பின் அடியிலேயே ஒடுங்கிப்போனது. பிள்ளைகள் கம்பைச் சுற்றிச் சுற்றி வந்து நிழலைத் தேடினார்கள். நம் ஊரின் அட்சரேகையில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தை ஒட்டியும், உச்சந்தலைக்கு நேராக வருகிறது. இடைப்பட்ட நாள்களில் நண்பகல் நிழல் தெற்கே சாயும்.

ஃபிக்ஹு நூல்களில் லுஹர், அஸர் நேரங்களை நிழலைக் கொண்டு கணக்கிடும் பாடத்தை நாம் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். நண்பகலில் எஞ்சும் நிழலை நீக்கிவிட்டு, பொருளின் நிழல் அதன் ஒரு மடங்கானால் ஷாஃபிஈ மத்ஹபில் அஸர், இரு மடங்கானால் ஹனஃபீ மத்ஹபில் அஸர் என்று கரும்பலகையில் எழுதுவோம். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அவ்வளவுதான். அன்று எஞ்சும் நிழலே இல்லாததால் மூன்றடிக் கம்புக்கு மூன்றடி நிழல், ஆறடி நிழல் என்று அவர்களே அடிக்கோலால் அளந்தார்கள். ஆறடியை நெருங்கியதும் ஒரு சிறுவன் பாங்கு சொல்லப்போகிறார்கள் என்று கத்தினான். சில நிமிடங்களில் பாங்கு ஒலித்தது. நேரம் காட்டும் செயலியைத் தவிர வேறெதையும் அறியாத பிள்ளைகளின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

துபாயில் படிக்கும் ஒரு பெண் பிள்ளை கேட்டாள்: “எங்கள் ஊரில் நிழல் எந்த நாளில் மறையும்?” நமக்குப் பதில் தெரியவில்லை. ஒருநாளும் மறையாது என்றார் அவர். துபாய் கடகரேகைக்கு வடக்கே இருப்பதால் சூரியன் அங்கே தலைக்கு நேராக வருவதே இல்லையாம். மக்கா கடகரேகைக்குத் தெற்கே இருக்கிறது. ஆகவே மே 28ஐ ஒட்டி ஒருமுறையும் ஜூலை 16ஐ ஒட்டி ஒருமுறையும் சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே நிற்கிறது. மே 28இல் நம் நாட்டு நேரம் பிற்பகல் 2.48 மணிக்கு ஒரு கம்பை நட்டால் நிழல் எத்திசையில் விழுகிறதோ, அதற்கு நேர் எதிர்த்திசை கிப்லா. எந்தக் கருவியும் வேண்டாம். இத்தனை ஆண்டு ஓதிக்கொடுத்த நாம் இதை நம் மாணவரிடம் கற்றோம், அல்ஹம்துலில்லாஹ்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பிறகு ஆற்றுக்கு. முந்திய மாலையே அவர் தனியாகச் சென்று பிள்ளைகள் நடக்கப்போகும் மணலை முழுக்க நடந்து பார்த்திருக்கிறார். நீர் தேங்கிய பள்ளங்கள் எங்கே, முள் எங்கே என்று குறித்து வைத்திருந்தார். பத்துப் பேருக்கு ஒரு பெரியவர், பெற்றோரின் சம்மதம், குடிநீர், தலைக்குத் துணி, கால் மணிக்கு ஒரு தலை எண்ணிக்கை. கோடை விடுமுறையில் நீர்நிலைகளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த செய்திகளை ஆண்டுதோறும் படிக்கும் நமக்கு அவருடைய வேலை என்ன என்பது அங்கேதான் விளங்கத் தொடங்கியது. பறவையின் பெயர் சொல்வது அதில் சிறு பகுதி.

ஆற்றுமணலில் ஆட்காட்டி ஒன்று கத்திக்கொண்டே தலைக்கு மேல் வட்டமிட்டது. அவர் எல்லோரையும் நிறுத்தினார். சற்றுத் தொலைவில், கூழாங்கற்களுக்கு நடுவே, கற்களைப் போலவே நான்கு முட்டைகள். ஒரு சிறுவன் கையை நீட்டினான். அவர் தடுப்பதற்குள் பக்கத்தில் நின்றவன், குஞ்சுகளை எடுத்துவந்த தோழர்களைத் தாய்ப்பறவையிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்ன நபிமொழியை நினைவூட்டினான். அபூதாவூதில் உள்ள அந்த ஹதீஸை முந்திய வாரம்தான் நாம் மனனம் செய்வித்திருந்தோம். அது தேர்வுக்கு உரியது என்றே நாமும் எண்ணியிருந்தோம்.

மூன்றாம் நாள் சாத்தனூர் கல்மரம். நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த, 18 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள, ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரம். கடல் அன்று இப்பகுதிவரை பரவியிருந்தது. அத்தனை கோடி ஆண்டு என்பது மார்க்கத்துக்கு முரணில்லையா என்று ஒரு பெற்றோர் கவலைப்பட்டார். பூமியின் வயதைக் குர்ஆன் எண்ணிட்டுச் சொல்லவில்லை. பூமியில் சுற்றிப் பார்த்து, படைப்பு எவ்வாறு தொடங்கியது எனச் சிந்திக்கும்படி ஏவுகிறது. இதற்கு மேல் அங்கே அஞ்ச ஒன்றுமில்லை.

மூன்று நாள் முடிந்தது. இனி நம் குறையைச் சொல்ல வேண்டும். அவ்வாண்டு ஹிஃப்ழு வகுப்புக்கு வெளியூரிலிருந்து வந்த உஸ்தாதுக்கு ஜமாஅத் உரிய ஹதியா கொடுத்தது. தண்ணீர் கேனுக்கும் வாழைப்பழத்துக்கும் தன் கைப்பணத்தைச் செலவழித்த இவருக்கு நாம் கொடுத்தது ஒரு துண்டும் ஒரு ‘ஜஸாகல்லாஹு கைர்’ என்ற சொல்லும். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிமொழியை ஜும்ஆ பயானில் முழங்கும் நாம், அவருக்கு வியர்த்ததை வேலையாகவே கணக்கில் எடுக்கவில்லை.

இத்துறையில் பலரும் ஊதியமின்றி உழைப்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் ஓர் அமைப்பாகச் சேர்ந்து, முட்டையிடவரும் பங்குனி ஆமைகளுக்காக ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவெல்லாம் நடக்கிறார்கள், பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்கிறார்கள். அவர்கள் தன்னார்வலர்கள், அல்லாஹ் அவர்களின் உழைப்பை ஏற்பானாக. ஆனால் தன்னார்வத்தை மட்டும் நம்பினால், வீட்டில் வசதியுள்ள பிள்ளைகள்தாம் இப்பணியில் நிலைக்க முடியும். நம் தெருப் பிள்ளை விசாவுக்கு வரிசையில் நிற்பார்.

பறவையியல் அறிஞர் சாலிம் அலி பெற்ற முதல் வேலைகளுள் ஒன்று இதற்கு மிக அருகில் வருகிறது. 1926இல் பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில், வருவோருக்கு விளக்கிச் சொல்லும் வழிகாட்டி விரிவுரையாளராக மாதம் 350 ரூபாய்க்குச் சேர்ந்தார். ஜெர்மனியில் பயின்று 1930இல் திரும்பியபோது, நிதி இல்லை என்று அப்பதவியே நீக்கப்பட்டிருந்தது. வேலையற்ற அவர் கிஹிம் என்ற கடலோரச் சிற்றூரில் தங்கித் தூக்கணாங்குருவிகளை ஆராய்ந்தார். பிற்காலத்தில் 1976இல் பத்ம விபூஷண் வந்தது, கோவை ஆனைகட்டியில் அவர் பெயரால் ஆய்வு மையமும் எழுந்தது. இன்று நம் மேடைகளில் அவர் பெயரைப் பெருமையோடு சொல்கிறோம். 1930இல் நம் மஹல்லாவுக்கு அவர் மாப்பிள்ளையாக வந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்?

கரைவெட்டியை 2024 ஜனவரியில் ராம்சர் ஈரநிலமாக அறிவித்தார்கள். மேட்டூர் நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிரம்பும் அந்த ஏரிக்கு இமயத்தைக் கடந்து வரித்தலை வாத்துகள் வருகின்றன. நம் ஊரிலிருந்து காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். நாம் ஒருமுறையும் பிள்ளைகளை அங்கே கொண்டுபோனதில்லை.

ஓதல் நேரம் குறைகிறது என்பது நிர்வாகிகள் சிலரின் ஆட்சேபம். மூன்று காலைகள் குறைகின்றன, உண்மைதான். பாடம் நடத்தும் நமக்கே அந்தக் கணக்கு சுமையாகத் தெரியவில்லை. ஆகவே ஜமாஅத் கூட்டத்தில் நாம் வைத்த கோரிக்கை இதுதான்: ஹிஃப்ழு உஸ்தாதுக்குரிய நாள் ஹதியாவே இவருக்கும் கொடுக்கப்பட வேண்டும், முன்கூட்டிப் பார்வையிடும் நாளுக்கும் சேர்த்து. நீண்ட பேச்சுக்குப் பிறகு ஏப்ரலுக்கு ஒப்புக்கொண்டார்கள். ஜூலைக்கு இன்னும் முடிவாகவில்லை. அவருடைய அத்தாவிடமும் சென்று, முன்பு சொன்ன அறிவுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். அவர் நம்மை உபசரித்து அமரவைத்தார், தேநீர் தந்தார். விசாவுக்கு இன்னும் இரண்டு மாதம் தவணை இருக்கிறது என்று மட்டும் சொன்னார். மகன் என்ன முடிவெடுப்பார் என்று நமக்குத் தெரியாது. மூன்று நாள் ஹதியாவைக் காட்டி ஒருவரை ஊரிலேயே இருக்கச் சொல்லும் தகுதியும் நமக்கில்லை. திருச்சி, பெரம்பலூர் வட்டாரத்து மஹல்லாக்கள் நான்கைந்து சேர்ந்து தத்தம் கோடை வகுப்புக்கு அவரை அழைத்தால் கதை மாறும். அதற்காகவே இதை எழுதுகிறோம்.

இவ்வாண்டு பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் முன்கூட்டியே தெரிவியுங்கள். தொப்பியும் தண்ணீர்க் குப்பியும் கொடுத்தனுப்புங்கள், கைப்பேசி வேண்டாம். சென்ற முறை ஆற்றுக்கு ஆண் பிள்ளைகள் மட்டுமே சென்றார்கள். இம்முறை பெண் பிள்ளைகளுக்கென்று தனிக் காலை ஒன்று ஒதுக்கியிருக்கிறோம், இரண்டு ஆலிமாக்கள் உடன் வருகிறார்கள். அவர்களின் பெயர்களையும் தாருங்கள்.