மூடுபனிச் சித்திரங்கள்

சித்திரக் கலையைப் பற்றி எழுத நமக்கு யாதொரு தகுதியும் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். கொல்கத்தாவுக்கு வந்த நாள் முதல் கணக்குப் புத்தகங்களோடு காலம் தள்ளியவர்கள் நாம். ஓவியம் என்றால் அதில் இருப்பது இன்னதென்று பளிச்சென்று தெரிய வேண்டும். இல்லையேல் அது அரைகுறை வேலை. இதுவே 64 வயது வரை நமது தீர்மானமாக இருந்தது.

அந்த வயதில்தான் கண்ணழுத்த நோய் வந்து சேர்ந்தது. பக்கப் பார்வையில் ஒரு பகுதி போய்விட்டதென்றும், போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றிக் கொள்ளலாம் என்றும் மருத்துவர் சொன்னார். மனம் உடைந்துதான் போயிற்று. பொடி எழுத்து வாசிப்பது தொல்லையாகிவிடவே, பொழுது போகட்டும் என்று மகள் பெரிய படங்கள் அடங்கிய புத்தகம் ஒன்றைக் கொணர்ந்து மடியில் வைத்தாள்.

அதில் கண்டதுதான் ஜார்ஜ் இன்னெஸ் என்னும் அமெரிக்கர் 1893-இல் தீட்டிய ‘நாரையின் இல்லம்’. சதுப்பு நிலம், சில மரங்கள், செம்மையும் பழுப்பும் கலந்து அணைந்துகொண்டிருக்கும் மாலை ஒளி, அவ்வளவே. நாரை எங்கே என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மரத்துக்கும் வானத்துக்கும் இடையே கோடு கிடையாது. ‘நம் கண்ணின் கோளாறோ?’ என்று மகளைக் கூப்பிட்டுக் கேட்டோம். “இல்லை அப்பா, படமே அப்படித்தான்” என்றாள். நமக்கு ஏற்பட்ட ஆறுதலை என்னென்று சொல்வது!

இவ்வகை ஓவியர்களை டோனலிஸ்டுகள் என்பர். ஏறக்குறைய 1880 முதல் 1915 வரை அமெரிக்காவில் இவர்கள் கை ஓங்கியிருந்தது. சங்கீதத்தில் சுருதி எப்படியோ, இவர்கள் படத்தில் ஒரு நிறம் அப்படி. அந்த ஒரு சாயல் வானம், நீர், நிலம் எல்லாவற்றிலும் இழையோடும். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள தூரத்தைக் குறுக்கி விடுவார்கள். ஓரங்களைக் கரைத்து விடுவார்கள். நண்பகல் இவர்களுக்கு உகந்த வேளையன்று. அந்தியும் விடியலும் நிலவுமே உகந்தவை. இன்னெஸ் 1825-இல் பிறந்து 1894-இல் மறைந்தவர். ரயில் கம்பெனிக்காகப் பள்ளத்தாக்கையும் புகைவண்டியையும் தெளிவாக வரைந்து கொடுத்த காலமும் அவருக்கு உண்டு. ஆயினும் இன்று பெரிதும் போற்றப்படுபவை அறுபதை ஒட்டியும் அதன் பின்னரும் தீட்டியவை. இதைப் படித்தபோது நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம் என்று சொல்லத் தேவையில்லை.

இவர்களுக்கெல்லாம் வழி காட்டியவர் லண்டனில் வாழ்ந்த விஸ்லர். இரவு வானில் சிதறும் வாணவேடிக்கையை அவர் தீட்டிய படத்துக்கு 200 கினி விலையா என்று ரஸ்கின் 1877-இல் ஏசி எழுத, விஸ்லர் வழக்குத் தொடர்ந்தார். இரண்டு நாள் வேலைக்கா இத்தனை பணம் என்று வக்கீல் மடக்கியபோது, ஓர் ஆயுளின் அனுபவத்துக்கு என்னும் பொருள்பட விடையிறுத்தார். வழக்கில் வென்றார், கிடைத்த நஷ்டஈடோ ஒரே ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி! மறு ஆண்டே திவாலானார். (கணக்கர் என்ற முறையில் இந்த இடத்தில் நமக்குக் கண்ணீர் வந்தது.)

இந்த மங்கல் மோகம் நாம் குடியேறிய ஊருக்கும் புதிதன்று. 1903-இல் யோகோயாமா தாய்கான், ஹிஷிதா ஷுன்ஸோ என்னும் ஜப்பானிய ஓவியர்கள் இங்கே வந்திருந்தனர். கோடில்லாமல் தீட்டிய அவர்கள் பாணியை அவர்கள் நாட்டார் ‘மோரோதாய்’, அதாவது மங்கல் பாணி என்று கேலி செய்தனர். அவர்களிடமிருந்து பெற்ற பயிற்சியைக் கொண்டு அவனீந்திரநாத் தாகூர், வண்ணம் பூசிய தாளை நீரில் நனைத்து, உலர்த்தி, மீண்டும் பூசும் முறையை வகுத்துக்கொண்டார். அவருடைய மாணாக்கரான தேவிபிரசாத் ராய் சௌதுரிதான் 1929 முதல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராக இருந்து, கடற்கரையில் உழைப்பாளர் சிலையையும் வடித்தவர். இத்தனையும் நம் வாசலிலேயே நடந்திருக்க, நாம் லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் விலை விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ரவீந்திர சரோவர் ஏரியை எத்தனையோ ஆண்டுகளாகக் காலைதோறும் சுற்றி வந்தவர்கள் நாம். மார்கழி, தை மாதங்களில் அங்கே மூட்டம் இறங்கும். மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டு நடையை எட்டிப் போட்டதல்லால், நின்று பார்த்ததில்லை. சென்ற குளிர்காலத்தில் நின்றோம். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் இலை, கிளை, படகு எல்லாம் மறைந்து இரண்டு மூன்று சாம்பல் திட்டுகளே எஞ்சுகின்றன. தூரத்து மரம் வானத்தைவிட ஒரு மாற்றுத்தான் கறுப்பு. இத்தனை சாம்பல் உலகில் உண்டென்று யார் நமக்குச் சொன்னார்கள்?

இப்போது இரண்டே வண்ணம் வைத்திருக்கிறோம்: அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியன்னா. இரண்டும் கூடினால் எத்தனை வகைச் சாம்பலும் கிடைக்கும். ஈரத் தாளில் இட்டால் அது தன் விருப்பப்படி பரவுகிறது. நம் கை நடுக்கமும் அதில் மறைந்து போகிறது. ஏழு தாள்கள் வீணாயின. எட்டாவதைப் பேரன் வெகுநேரம் பார்த்துவிட்டு, “தாத்தா, இது ஏரிதானே? படகு எங்கே?” என்றான்.

“மூட்டத்துக்குள் இருக்கிறது” என்றோம். கிட்டே போய்த் தேடத் தொடங்கினான்.