செல் சீர்செய்யும் என்பது சுரங்கத்துக்கு உரிமம் ஆகாது

கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் அள்ளும் திட்டம் பற்றிய விவாதங்களில் ஒரு வாதம் திரும்பத் திரும்ப எழுகிறது: கதிர்வீச்சு டிஎன்ஏவை உடைத்தாலும் செல் தானே சீர்செய்துகொள்ளும்; கருநாகப்பள்ளி ஆய்வே அதற்குச் சான்று. இவ்வாதம் அறிவியலைப் பாதியில் நிறுத்துகிறது.

செல்லுக்குள் நாள்தோறும் பல்லாயிரம் சேதங்கள் நேர்கின்றன, பெரும்பாலானவை சீராகின்றன. அவ்வழிமுறைகளை விளக்கிய லிண்டால், மோட்ரிச், சான்கார் மூவரும் 2015இல் வேதியியல் நோபல் பெற்றனர். ஆயினும் எல்லாச் சேதமும் ஒரே தன்மையது அன்று. ஓரிழையில் எழுத்துக் கெட்டால் எதிரிழையைப் பார்த்துத் திருத்தலாம். கதிர்வீச்சு ஈரிழையையும் ஒருசேர முறித்தால் அவ்வழி அடைபடும். பிரதியான டிஎன்ஏ அருகிலிருந்தால் அதை மூலமாகக் கொள்ளலாம். அதற்கு பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 புரதங்கள் தேவை. இன்றேல் முறிந்த முனைகள் நேரடியாக ஒட்டப்படும். இடையில் எழுத்துகள் உதிரக்கூடும். சிதைந்த சுவடியை ஒட்டித் தைத்தவர் மூலபாடத்தை மீட்டவர் ஆகார். சேதம் மிகுந்தால் பி53 புரதம் செல்லின் பிரிவை நிறுத்தும், அல்லது அதனை மடியச் செய்யும். அக்காவலும் தவறினால் பிழை அடுத்தடுத்த செல்களுக்குச் செல்லும். புற்றுநோய்க்கு வழி திறக்கும். பிஆர்சிஏ குறைபாட்டைப் பிறப்பிலேயே பெற்றவர்க்கு இடர் இன்னும் மிகுதி. சராசரி அவர்களைக் காட்டாது.

2009இல் வெளியான கருநாகப்பள்ளி ஆய்வு 30 முதல் 84 வயது வரையிலான 69,958 பேரைச் சராசரியாக 10.5 ஆண்டுகள் தொடர்ந்தது. 1,379 புற்றுநோயாளரைப் பதிவுசெய்தது. இயற்கைக் கதிர்வீச்சால் இடர் கூடியதாகக் காணவில்லை. மதிக்கத்தக்க முடிவு அது. குமரிக் கரையின் ஒவ்வொரு புற்றுநோய்க்கும் மணலையே காரணம் காட்டுவோரும் அதற்கு விடை சொல்லியாக வேண்டும். ஆனால் அவ்வாய்வு கேட்டது, கிடக்கும் மணலின் மேல் வாழ்வதைப் பற்றிய கேள்வி. மணலைத் தோண்டி, பிரித்து, தூசியெழுப்புவது வேறு கேள்வி.

தோப்பும்படித் துறைமுகத்தில் படகேறும் குமரி மீனவர் பலரின் வீடுகள் இக்கரையில் உள்ளன. செல்லின் திறமையை அவர்களுக்குப் பாடமாகச் சொல்வோர், முதலில் ஊர்வாரியான கதிர்வீச்சு அளவையும் புற்றுநோய்ப் பதிவையும் பொதுவில் வைக்கட்டும். அளவெடுக்கும் முன் அள்ளிவிட்டால், பின்னர் ஒப்பிட எதுவும் எஞ்சாது.