தனிவழிப் பயணம் தகுமா?

மகனுக்கு ஊர்தி வாங்கித் தந்த தந்தையே, அவன் மலைக்குச் சென்றுவர விடைகேட்கும்போது அஞ்சி மறுக்கின்றார். மறுக்கப்பட்ட மகனோ, நண்பன் வீட்டிற்குச் செல்வதாகச் சொல்லிவிட்டு மலையேறுகின்றான். இவ்விரண்டினுள் எது பெருந்தீங்கு? மலைச்சாலையில் மோட்டார் சைக்கிளில் ஒருநாள் தனியே சென்றுவருதல் தகுமா எனின், தகும் என்பதே நம் கருத்து. ஆயின், அத்தகுதியை ஒருவன் ஈட்டிக்கொள்ளல் வேண்டும்.

அண்மையில் ஒரு விடுமுறை நாளன்று பொள்ளாச்சியினின்று வால்பாறைக்குத் தனியே சென்றோம். ஏறத்தாழ 64 கிலோமீட்டர் தொலைவு; 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாற்றுச் சோதனைச் சாவடியைக் கடந்து ஏறத் தொடங்கினால், வளைவுதோறும் அணையின் நீர்ப்பரப்பு கீழே சிறுத்துக்கொண்டே போகின்றது. 9ஆம் வளைவின் காட்சிமுனையில் ஊர்தியை நிறுத்தினோம். பாறைச் சரிவில் வரையாடுகள் அமைதியாக மேய்ந்துகொண்டிருந்தன. பேச்சுத்துணை இன்மையால் பார்வை கூர்மையுற்றது. தனிமை தரும் முதற்பயன் இதுவே.

மேலே செல்லச் செல்லத் தேயிலைத் தோட்டங்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காடழித்து உருவாக்கத் தொடங்கியவை அவை. சாலையோரம் இலைமூட்டை சுமந்து தொழிலாளப் பெண்டிர் நடந்தனர். நமக்குக் காட்சியாக இருப்பது அவர்க்குப் பணியிடம், வீடும் அதுவே. விருந்தினராய்ச் செல்வோர்க்கு அவ்வடக்கம் வேண்டாவா?

அவ்வடக்கம் இன்மையையும் அன்றே கண்டோம். இறங்குகையில் இளைஞர் சிலர் நம்மை முந்திப் பறந்தனர். ஒருவன் கைப்பேசியில் படமெடுத்தவண்ணம் ஓட்டினான். வளைவில் மேலேறி வந்த பேருந்தின் ஓட்டுநர் நிதானமாக நிறுத்தியிராவிடில், அன்று ஒரு வீட்டில் விளக்கு அணைந்திருக்கும். நிகழ்ந்ததை உணராமலேயே அவர்கள் சிரித்துக்கொண்டு சென்றனர். நமக்கோ நெடுநேரம் கை நடுக்கம் தீரவில்லை.

குறுகிய மலைச்சாலையில் ஏறிவரும் ஊர்திக்கே இறங்கும் ஊர்தி வழிவிடல் வேண்டும் என்பது நம் நாட்டுச் சாலைவிதி. பெட்ரோல் மிச்சமாகும் என்று எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவோர் பலர். அவ்வாறு இறங்கினால் எஞ்சினின் பிடிப்பு இல்லாமற் போகும். முழுச்சுமையும் பிரேக்கின்மேல் விழும். அது சூடேறித் தளரும். ஏறிய கியரிலேயே இறங்குக என்பது மலையோட்டிகள் பட்டறிவால் கண்ட பாடம். தலைக்கவசம் அணிதலும், இருள்வதற்குள் சமவெளி சேர்தலும் இவற்றோடு சேர்க்கத்தக்கன.

தமிழ் பயிலும் மாணவர்க்கு மற்றொன்றும் நினைவூட்டுவோம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில், இரவில் மலைவழி வரும் தலைவனை எண்ணித் தலைவி கலங்குகின்றாள். புலி, கரடி, ஆமான், யானை என வழியின் இடையூறுகளை ஒவ்வொன்றாக நினைக்கின்றாள். அவ்விலங்குகள் ஆனைமலைக் காடுகளில் இன்றும் உள. வீட்டில் இருந்து கலங்கும் உள்ளங்களும் இன்றும் உள. தனியே செல்பவன் சாலையில் தனியனாகலாம். வீட்டார் நெஞ்சில் அவன் ஒருபோதும் தனியன் அல்லன். எவ்வழிச் செல்கின்றோம், எப்பொழுது திரும்புவோம் என்று மெய்யாகச் சொல்லிச் செல்லுதல் அக்கலக்கத்திற்கு நாம் செலுத்தும் மிகச்சிறு கடன்.

பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். முழுதும் தடுத்தால் பயணம் நிற்பதில்லை; மெய் பேசுதல்தான் நிற்கின்றது. பொய் சொல்லிச் சென்றவனுக்கு இடர் நேரின், எங்குத் தேடுவது என்பதும் தெரியாது. ஆதலின் ஓட்டும் முறையைக் கற்பித்து, உரிமமும் பக்குவமும் கண்டபின் விடைகொடுங்கள்.

அன்று மாலை விளக்கேற்றும் வேளையில் நாம் வீடு சேர்ந்தபோது, வாயிலில் அன்னையார் நின்றிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை, தேநீர் வைக்க உள்ளே சென்றார். மலையில் கண்ட காட்சிகள் அனைத்தினும் அக்காட்சியே நம் நெஞ்சில் நிலைத்தது. சென்றுவருதல் என்னும் சொல்லில் வருதலே முதன்மையானது.