வட்டில் அடங்காத குரல்

ஜப்பானிய ஐடல் பாடகியரை மையமாக்கி வந்த பழைய வீடியோ கேம்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு குரல்கள் எழுகின்றன. நட்சத்திர மோகத்தைக் காசாக்கிய விளம்பரச் சரக்கு என்று ஒதுக்குவோர் ஒரு சாரார். கோப்பு கிடைக்கிறதே, கணினியில் எமுலேட்டர் வைத்து ஆடிக்கொள்ளலாமே என்று நிறைவடைவோர் இன்னொரு சாரார். இரு சாராரோடும் எங்களுக்கு உடன்பாடில்லை.

நிண்டெண்டோவும் ஸ்கொயரும் சேர்ந்து உருவாக்க, 1987 டிசம்பரில் ஃபாமிகாம் டிஸ்க் சிஸ்டத்துக்காக நிண்டெண்டோ வெளியிட்ட 'நகயாமா மிஹோவின் தொகிமெகி ஹைஸ்கூல்' விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். பள்ளிக்குப் புதிதாக வரும் மாணவன் கண்ணாடி அணிந்த ஒரு மாணவியைச் சந்திக்கிறான். அவள் வேறு பெயரில் ஒளிந்து படிக்கும் ஐடல். இங்கே வாளும் இல்லை, போரும் இல்லை. என்ன சொல்வது என்பதோடு, எந்த முகத்தோடு சொல்வது என்பதையும் ஆடுபவரே தேர்ந்தெடுக்க வேண்டும். சொல் சரியாக இருந்தும் முகபாவம் பிழைத்தால் கதை முறிந்துவிடும். சொல்லுக்கும் மெய்ப்பாட்டுக்குமான உறவு இலக்கியத்தின் பழைய வழக்கல்லவா?

விளம்பரம்தான், மறுக்கவில்லை. 17 வயதுப் பெண்ணின் புகழே அங்கு விற்பனைப் பொருள். ஆனால் அப்புகழிலிருந்து ஒளிய விரும்பும் பெண்ணின் கதையை அந்த விளம்பரமே சொல்லிவிடுகிறது. ஆடிப் பாராமல் தீர்ப்பெழுதுவோர் தவறவிடுவது இந்த முரணைத்தான்.

கோப்புப் பிரியர்களுக்கும் ஒரு சொல். கதையின் நடுவே திரையில் தொலைபேசி எண் தோன்றும். கற்பனை எண்ணன்று, மெய்யான எண். வீட்டுத் தொலைபேசியிலிருந்து அழைத்தால், பதிவு செய்யப்பட்ட மிஹோவின் குரல் பேசும்; மேலே செல்வதற்கான குறிப்பும் தரும். ஆடி முடித்தவர்கள் வட்டைக் கடைக்கு எடுத்துச் சென்று, டிஸ்க் ஃபேக்ஸ் கருவி வழியே பரிசுப் போட்டியில் சேரலாம். திரை, தொலைபேசி, கடை மூன்றும் சேர்ந்ததே அப்படைப்பு. அந்த இணைப்புகள் ஓய்ந்து வெகுகாலமாயிற்று. வட்டில் விளையாட்டுகளை எழுதித் தரும் சேவையும் 2003இல் நின்றது. 2024 டிசம்பரில் தம் 54ஆம் வயதில் மிஹோவும் மறைந்தார்.

எஞ்சிய கோப்பைக் காட்டிப் படைப்பைக் காப்பாற்றிவிட்டோம் என்பது, கூத்தின் ஏட்டைக் காட்டிக் கூத்தையே பார்த்ததாகச் சொல்வதற்கு ஒப்பாகும். அன்று அந்த எண்ணை அழைத்த சிறுவர்கள் இன்று ஐம்பதை ஒட்டியவர்கள். என்ன கேட்டது, எப்படி நெஞ்சு படபடத்தது என்று அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பதும் பாதுகாப்புதான். அதைச் செய்யாத ஆவணக் காப்பகம் வெறும் கிடங்கு என்பதே எங்கள் கட்சி.